அடிக்கு ஒரு நூல்

அம்பத்தூர்,
12 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உத்தமன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை புஷ்பாவும் இங்கே ஒருவாறு இருக்கிறோம். பனிக்கு அவளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. கூடவே குரலும் கூடியிருக்கிறது. எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? மகள் எழிலரசியும் அவள் வீட்டுக்காரரும் சௌக்கியம்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். ஆவடியில் என்ஜின் சோதனைப் பிரிவிலேயே சர்வீஸைக் கழித்த காது இது. போனில் நீங்கள் பேசினால் தகர டப்பாவில் கூழாங்கல் உருளுவது போல இருக்கிறது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் உங்களிடம் பட்டன் போன்தான். எழிலுக்கு அனுப்பினால் அன்றைக்கே என் மகள் மைதிலிக்குப் போய்விடும். இது பிள்ளைகளுக்குப் போக வேண்டாத விஷயம்.

என் அண்ணன் ஆனந்தனைப் பார்க்கப் போன வாரம் கரையான்சாவடிக்குப் போனேன். வாசலில் நின்றவனைப் பார்த்து, "சார் எந்த ஆபீஸ்லேந்து வர்றீங்கோ?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். அப்போதும் தெரியவில்லை. எனக்கும் அவருக்கும் நாலே வயசு வித்தியாசம். எங்கள் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் போனாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே நினைப்பு மச்சான். அடுத்தது நான்தானோ என்று பயமாக இருக்கிறது.

கையும் புத்தியும் சேர்ந்து செய்கிற வேலை ஏதாவது பழகினால் நல்லது என்று அண்ணனைப் பார்க்கிற டாக்டர் சொன்னாராம். எனக்கு உங்கள் மரப்பெட்டி ஞாபகம் வந்தது. பாடி ஃபவுண்டரியில் இரும்பு வார்ப்பதற்கு மர அச்சு செய்த காலத்தில் நீங்கள் வைத்திருந்த பெட்டி. ஓசூர் போகும்போது இங்கே விட்டுப்போனீர்கள். உங்களைக் கேட்காமல் திறந்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

எல்லாம் துரு. உளிகளையும் இழைப்புளித் தகடுகளையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ரம்பத்தைத் துடைத்து எண்ணெய் தடவினேன். உங்கள் இரண்டடி இரும்பு ஸ்கேலின் முனையில் யாரோ சிவப்புப் பெயிண்டைப் பூசி அசிங்கம் செய்திருந்தார்கள். தின்னர் தொட்டுத் துடைத்தேன், பக்கத்தில் பொடிப்பொடியாக ஏதோ சொறி மாதிரி இருந்ததையும் தேய்த்து எடுத்துவிட்டேன். இப்போது முகம் பார்க்கலாம் போல இருக்கிறது.

இழைப்புளிதான் பிடிவாதம் பிடிக்கிறது. சீவல் வராமல் மாவு வருகிறது. தகட்டை எப்படித் தீட்ட வேண்டும்? எழுதுங்கள். புஷ்பாவின் தையல் மிஷின் மேசைக்கு டிராயர் உடைந்து கிடக்கிறது. முதல் வேலை அதுதான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
உத்தமன்


ஓசூர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். குளிர் பழகிவிட்டது. புஷ்பாவை மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல எழில் எழுதுகிறாள்.

பெட்டி உங்களுடையது. கோபிக்க என்ன இருக்கிறது? இங்கே வைக்க இடமில்லாமல்தானே விட்டுவந்தேன்.

தகட்டைத் தீட்டுவதற்கு முன்னால் ஆயில் ஸ்டோன் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழிந்திருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்துச் சமமாக்குங்கள். தகட்டின் சரிவு கல்லில் முழுசாகப் படிய வேண்டும். பாதி படிந்தால் கையிலேயே தெரியும், லேசாக ஆடும். எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். மறுபக்கம் விரலை வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனை முழுக்க வந்த பிறகு தகட்டைத் திருப்பிப் படுக்கப் போட்டு, இரண்டு இழுப்பில் பிசிறை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

நன்றாகத் தீட்டின இழைப்புளிக்குச் சத்தமே வேறு. உங்கள் காதை மறந்து எழுதுகிறேன். இழைக்கும்போது இடது உள்ளங்கையைப் பலகை மேல் வையுங்கள். உதறல் இல்லாமல் ஓடினால் சரி.

பிள்ளைகள் அஸ்வினுக்கும் மைதிலிக்கும் என் ஆசி.
சம்பந்தம்


அம்பத்தூர்,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கைநடுக்கம் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா? புஷ்பா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் சொன்னபடி தீட்டினேன். சீவல் சுருள் சுருளாக வந்தது. புஷ்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அத்த வச்சி இன்னா பண்றது, அடுப்பா பத்த வைக்கிறது?" என்றாள். ஆனாலும் ஒரு சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

டிராயர் விஷயம்தான் குழப்புகிறது. மேசையின் பொந்தை அஸ்வினுடைய டேப்பால் அளந்தேன். டேப் மரத்தின் மேல் படியாமல் சுருண்டுகொள்கிறது என்று, பலகையில் குறிப்பதற்கு மட்டும் உங்கள் இரும்பு ஸ்கேலை எடுத்தேன். அறுத்து, இழைத்து, பொருத்தினால் டிராயர் உள்ளே போகவில்லை. தச்சர்கள் ஒரு நூல் என்பார்களே, அரைக்கால் அங்குலம், அந்த அளவு அகலம் கூடிவிட்டது. சரி, கை பழகவில்லை என்று இழைத்துக் குறைத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து சமையலறை மாடத்துக்கு ஒரு தட்டு செய்தேன். டேப்பை அஸ்வின் ஆபீசுக்கு எடுத்துப் போயிருந்தான். ஸ்கேலாலேயே அளந்து, ஸ்கேலாலேயே குறித்தேன். வைத்துத் தட்டினதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு பூஜை அலமாரிக்கு ஒரு பலகை. அளந்தது டேப்பால். மறுபடியும் பெரிசு.

ஒரே மனுஷன், ஒரே கை. ஒரு நாள் சரியாக அளக்கிறேன், ஒரு நாள் தப்பாக அளக்கிறேன். அண்ணனுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்ததாம். காலையில் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவாராம், சாயங்காலம் மாற்றிப் போடுவாராம்.

டிராயரின் படம் அளவுகளோடு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
உத்தமன்


ஓசூர்,
25 மார்ச் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழிலுக்கு வேலை அதிகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. புஷ்பாவின் கால் எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

படம் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறீர்கள். தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஈரம் காயாத மரமாக இருந்தால் அளவு மாறும். கடையில் காய்ந்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.
சம்பந்தம்


அம்பத்தூர்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் புஷ்பா, அஸ்வின் இருவரும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தை எழிலிடம் கொடுக்காதீர்கள். நீங்களே படியுங்கள்.

நேற்று பீரோவில் துணி எடுக்கும்போது அந்த டிராயர் படம் கிடைத்தது. மடித்தது மடித்தபடி இருக்கிறது. கவரில் அதை நான் வைக்கவே இல்லை மச்சான். அப்புறம் நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்? நான் இரண்டு படம் வரைந்தேனா? ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துபோனேனா? ராத்திரி பகலாக யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. வரைந்ததே ஞாபகம் இல்லை என்றால் நிலைமை என்ன?

இன்னொன்றையும் கேளுங்கள். கொரட்டூரில் மைதிலியின் ஃப்ளாட்டில் வாசல் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி இடம் சும்மா இருக்கிறது. செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். போய் டேப் பிடித்து அளந்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை. மாப்பிள்ளை கிஷோர்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துக் குறித்தேன், அதுவும் மூன்று தடவை. ஒரு மாசம் வேலை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். உள்ளே போகவில்லை. அரை அங்குலம் நீளம்.

கிஷோர் நல்ல பிள்ளை. "பரவாயில்ல மாமா, பால்கனில வச்சிக்கலாம்" என்று என் காதருகே வந்து சொன்னார். மைதிலி சமையலறைக்குள் போய்விட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவனுக்கு மற்றதெல்லாம் நன்றாகத் தெரியும்.

டாக்டரிடம் காட்டலாம் என்று பிள்ளைகள் நாள் குறித்துவிட்டார்கள். எனக்குப் போகப் பயமாக இருக்கிறது. போகாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உத்தமன்


அம்பத்தூர்,
15 மே 2025

மச்சானுக்கு,

நலம் விசாரித்து அலுத்துவிட்டது. பதில் வந்தால்தானே விசாரிப்பதற்கு அர்த்தம். ஆனாலும் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். எனக்குத் தாளைப் பார்த்ததும் செருப்பு ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது. வட்டத்தை வரைந்தேன், எண்களை எழுதினேன், பன்னிரண்டுக்கு இடம் போதவில்லை. அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். இரண்டு மாசம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை ரம்பம் உளி எதுவும் வேண்டாம் என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, அஸ்வினிடம் சொன்னாள்.

பெட்டிக்கு இப்போது பூட்டு. சாவி உங்கள் தங்கையின் இடுப்பில். கேட்டால், "கைய கிய்ய அறுத்துகினா நான் இன்னா செய்வேன், சும்மா குந்து" என்கிறாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காப்பியில் சர்க்கரை போட்டேனா என்று நான் கேட்டால்கூட வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை.

உங்கள் சாமானை யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கீழே பூட்டு போட்டுக் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கு இனி அது வேண்டாம்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நான் கேட்டது ஒரு வரிதான்.

உத்தமன்


ஓசூர்,
28 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுகிறேன். அத்தைக்கும் உங்களுக்கும் என் வணக்கம். இந்தக் கடிதம் என்னுடையது, அப்பா சொல்லி எழுதுவது அல்ல. பின்பாதியில் அவர் சொல்வார்.

அப்பாவுக்குக் கை நடுக்கம் இல்லை மாமா. கண் தெரியவில்லை. பாடியில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. நரம்பு பாதித்த கண், ஆபரேஷன் செய்தாலும் வராது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. யாருக்கும், முக்கியமாக அத்தைக்கு, சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன். முதல் கடிதத்தில் உளி, ரம்பம் என்று ஆரம்பித்ததுமே அப்பா முகம் மாறியது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதனால் மறுநாள் சாமான்களைப் பற்றி வருகிற இடங்களை விட்டுவிட்டு, தீட்டுவது எப்படி என்ற கேள்வியை மட்டும் படித்தேன். இரண்டாவதிலும் அப்படித்தான், டிராயர் சரியாக வரவில்லையாம் என்று சுருக்கிச் சொன்னேன். படம் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், கவரில் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "பாத்தேன்னு எழுதிடு, இல்லாட்டி சந்தேகம் வரும்" என்றார். உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவதில் "இந்தப் பக்கத்தை எழிலிடம் கொடுக்காதீர்கள்" என்று இருந்தது. அந்த வரியையும் நான்தான் படித்தேன் மாமா. மனசுக்குள் படித்துவிட்டு, அதற்கு மேல் படிப்பது சரியில்லை என்று மடித்து வைத்துவிட்டேன். விசாரிப்புதான், வேறொன்றும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மைதிலியிடம் எதுவும் பேசவில்லை.

போன வாரம் வந்த கடிதத்தை முழுசாகப் படித்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படி என்றார். சிவப்புப் பெயிண்ட் என்று படித்ததும் "நிறுத்து" என்று கத்தினார். அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி அவர் பேசுவதை மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா மாப்ளே, அந்த சேப்பு பெயிண்டு மேல உங்களுக்கு இன்னா கோவம்? அத்த பூசனதே நான்தான். பாடில எங்க ஷாப்புல அந்த மாதிரி ஸ்கேலுக்கெல்லாம் முனைல சேப்பு பூசுவோம். சாதா ஸ்கேலோட கலந்துடக் கூடாதுன்னுதான். அது ஃபவுண்டரி ஸ்கேலு மாப்ளே. உருக்கி ஊத்துன இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால மர அச்ச அடிக்கு ஒரு நூல் பெருசாத்தான் செய்யணும். ஒவ்வொரு வாட்டியும் கணக்கு போட்டுகினே இருக்க முடியுமா? அதனால ஸ்கேலையே அந்த அளவுக்கு நீட்டிக் கோடு போட்டுட்டானுங்க. அதுல ஒரு அடின்னா, நெசத்துல ஒரு அடியும் ஒரு நூலும். பக்கத்துல பொடி எழுத்துல அடிச்சி இருந்திச்சி. அத்தயும் சொறின்னு தேச்சிட்டீங்க.

டேப்புல அளந்து இதுல குறிச்சா பெருசாத்தான் வரும். இதுலயே அளந்து இதுலயே குறிச்சா கரெக்டா குந்திக்கும். உங்க மண்டைல ஒரு கோளாறும் இல்ல. நாலு அடிக்கு நாலு நூல், அரை இன்ச்சு. கொரட்டூர்ல எவ்ளோ போவலன்னு எழுதினீங்க? அரை இன்ச்சுதானே? நம்பிக்கை இல்லாட்டி, பசங்கோ இஸ்கூலுக்கு எத்துனு போற பிளாஸ்டிக் ஸ்கேலு ஒண்ணு வாங்கினு வந்து பக்கத்துல வச்சிப் பாருங்க. படத்த நான் பாக்கல. பாக்க முடியாது. பொய் சொன்னேன். புஷ்பா கைல சொல்லிடுங்க."

இத்தோடு முடிக்கச் சொல்கிறார். தப்பு என்னுடையது மாமா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழிலரசி


அம்பத்தூர்,
5 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கும் எழிலுக்கும்,

இதை எழில் சத்தமாகப் படிக்கட்டும், ஒரு வார்த்தை விட வேண்டாம்.

கடிதம் வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஒரகடம் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போய் மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வாங்கி வந்தேன். புஷ்பாவிடம் சாவி கேட்டேன். தர மாட்டேன் என்றாள். கடிதத்தை நீட்டினேன். பாதி படித்தாள். "எங்க அண்ணனுக்குக் கண்ணு தெர்லயா?" என்று கேட்டாள். என் காதுக்கு அது நன்றாகவே கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவியை அவளே எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

அழுதபடியே ஸ்கேலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். முதல் அங்குலம் ஒன்றாக இருந்தது. மூன்றில் எனக்குச் சந்தேகம். ஆறில் அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டில் ஒரு நூல் தள்ளி நின்றது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. இந்த ஐந்து மாசமும் என்னை நானே எப்படியெல்லாம் பார்த்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: ஆனந்தன் அண்ணன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் என்னை வைத்துப் பார்த்துவிட்டேன் மச்சான். அவர் மகன் அவருக்குச் சாதம் ஊட்டுவது போல அஸ்வின் எனக்கு ஊட்டுவதாகவும் பார்த்துவிட்டேன்.

கிஷோரும் மைதிலியும் அன்றைக்கே வந்தார்கள். கிஷோர் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத யார் மாமா கண்டுபிடிச்சாங்க?" என்றார். மைதிலி என் கையை விடவில்லை. டாக்டரிடம் திரும்பப் போகத்தான் போகிறேன். பயந்து ஓடினேன் என்று இருக்கக் கூடாது.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு உங்கள் நினைப்பு வந்துவிட்டது. "பார்த்துச் சொல்லுங்கள்", "நீங்களே படியுங்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். எழில் அதைப் படிக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை? நான் காது போனதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, எனக்கு என்ன குறைந்துவிட்டது?

எழில் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுக்காதே என்று எழுதினதும் படிக்காமல் மடித்து வைத்த பெண் அவள்.

உங்கள்
உத்தமன்


அம்பத்தூர்,
8 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் நலம். புஷ்பா தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆடி பிறந்ததும் ஓசூருக்கு வருவேன் என்கிறாள், முழங்கால் என்ன சொல்லுமோ.

டாக்டரிடம் போய் வந்தோம். இந்த முறை கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இடம் இருந்தது. வயசுக்கு உண்டான மறதிதான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றாள். ஸ்கேல் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. பலகையில் ஒரு சட்டம், அதன் குறுக்கே மெல்லிய குச்சிகள். தாளைச் சட்டத்துக்கு அடியில் செருகி, இரண்டு குச்சிகளுக்கு நடுவில் பேனாவை ஓட்டினால் வரி மேல் வரி ஏறாது. மஞ்சள் ஸ்கேலால் அளந்து செய்தது. தாள் சரியாக உட்காரும். உங்கள் இரும்பு ஸ்கேலின் முனையில் மறுபடி சிவப்பு பூசிவிட்டேன்.

பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினதை மறந்துவிடுங்கள். இந்த ஒன்றை நானும் மறந்தால் பாதகமில்லை.

உங்கள்
உத்தமன்


ஓசூர்,
27 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானே எழுதுகிறேன். எழில் கடைக்குப் போயிருக்கிறாள். இதை ஒட்டித்தான் அவளிடம் கொடுப்பேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை.

சட்டம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிப் பார்த்தேன். மூன்று மூலை இறுக்கமாக இருக்கிறது. நாலாவதில் உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது, பரவாயில்லை. மேல்பக்கம் நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது. இழைப்புளித் தகட்டின் முனை ஒரு இடத்தில் உடைந்து பல் விழுந்திருக்கிறது. உங்கள் விரலுக்குத் தெரியவில்லையா? கண்ணால் பார்த்திருப்பீர்கள், அதனால் தெரிந்திருக்காது.

எழில் எழுதினால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. பெட்டியை வைக்க இங்கே இடமில்லை என்றேன். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. கண் மங்கின பிறகு பாடியில் ஒரு நாள் தகட்டைத் தீட்டும்போது விரலை அறுத்துக்கொண்டேன். வலியைவிட வெட்கம். அன்றைக்குப் பெட்டியை மூடினவன்தான். பக்கத்தில் இருந்தால் கை போகும், போனால் மறுபடி அறுத்துக்கொள்வேன் என்று பயந்து உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்தேன். உங்களுக்குக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் ஓடிவந்தேன் மாப்பிள்ளை.

பூட்டு போட்டுக் கிடக்கிறது என்று எழில் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பெட்டியைப் பூட்டினது புஷ்பா. என் பெட்டியைப் பூட்டினது நான்தான்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் எழில்தான் படிக்க வேண்டும். புஷ்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். அந்தப் பல் விழுந்த தகட்டையும் ஆயில் ஸ்டோனையும் எடுத்து வாருங்கள். நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் காட்டுவது எனக்குத் தெரியாது. தீட்டுவதற்கு அது இரண்டும் வேண்டாம். என் கை மேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள், நான் இழுக்கிறேன். விரல் தகட்டின் முனைக்கு அருகே போனால் பிடித்து நிறுத்துங்கள்.

பூந்தமல்லி பைபாஸில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம்.

சம்பந்தம்